பார் வேறு, வங்கி வேறு!

ஒரு சொல் பல பொருள் தருவதும், ஒரு பொருளைப் பல சொற்கள் உணர்த்துவதும் எல்லா மொழிக்கும் இயல்பு. தொல்காப்பியர் கிளவியாக்கத்துள் பல பொருள் ஒருசொல்லை, வினையால் வேறுபடுவது என்றும் வினையால் வேறுபடாதது என்றும் இரண்டாகப் பகுத்தார். ‘மா பூத்தது’ எனின் அது மரம். ‘மா ஓடிற்று’ எனின் அது விலங்கு. வினையே பொருளை வரையறுத்து விடுகிறது. ‘மா வீழ்ந்தது’ எனினோ, வீழ்ந்தது மரமா விலங்கா என்று கேட்போன் மயங்குவான்; ஆகலின், அவ்விடத்துச் சொல்லுவோன் பொருளைக் கிளந்து சொல்லுதல் வேண்டும் என்பது இலக்கண நெறி. பின்னெழுந்த சூடாமணி நிகண்டோ தன் பதினோராம் தொகுதி முழுவதையும் ஒருசொற் பல்பொருட்கே ஒதுக்கிற்று. பல பொருள் ஒருசொல்லைக் கண்டு மருளவோ வியக்கவோ தமிழனுக்கு ஒன்றும் இல்லை.

ஆனால், இன்று நேர்ந்துள்ள கேடு வேறு வகையது. தன் மொழியின் சொல்வளத்தைக் கல்லாத தமிழன், ஆங்கிலச் சொல் ஒன்று பத்துப் பொருள் தருவதைக் கண்டு வாய்பிளக்கிறான். அப்பத்துப் பொருளுக்கும் தமிழில் தனித்தனிச் சொல் உண்டு என்பதை மறந்து விடுகிறான். ஆங்கிலத்தான் ஒரு சொல்லால் சுட்டியதைத் தானும் ஒரு சொல்லாலேயே சுட்டவேண்டும் என்று முனைகிறான். விளைவு என்ன? பத்துத் தமிழ்ச்சொல் வாழ்ந்த வீட்டில் ஓர் அயற்சொல் குடியேறுகிறது. பத்தும் தெருவுக்கு வருகின்றன. இக்கேட்டினை விளக்குதற்கு ‘பேங்க்’ என்னும் ஒரு சொல்லே போதும்.

*பேங்க் என்னும் பல பொருள் ஒருசொல்*

ஆங்கிலத்தில் ஆற்றின் இருமருங்கும் பேங்க். ஏரிக்கும் வயலுக்கும் எடுத்த மண்ணணையும் பேங்க். கடலடியில் உயர்ந்த நிலமும் பேங்க். முத்துச்சிப்பி விளையும் இடமும் பேங்க். வானில் திரண்ட முகில்நிரை பேங்க். பண்டைக் கலங்களில் வரிசையாக இருந்த துடுப்புநிரை பேங்க். வானூர்தி ஒருபுறம் சாய்ந்து திரும்புவது பேங்க். அடுப்பு நெருப்பு அவியாதிருக்கச் சாம்பலால் மூடி வைப்பது பேங்க். ஒருவரை நம்பியிருப்பதும் பேங்க். இவை எல்லாவற்றுக்கும் மேலாக, பணம் வைத்து வாங்கும் இடம் பேங்க். குருதி, கண், விதை, தரவு, வாக்கு என எதைச் சேர்த்து வைத்தாலும் அதுவும் பேங்க்.

இப்பொருள்கள் கிளைத்த வழியும் அறியத்தக்கதே. மேடு, சரிவு என்னும் பொருளுடைய பேங்க், வடநாட்டுக் கடலோடிகளான நார்சு மக்களின் மொழியிலிருந்து ஆங்கிலத்துட் புகுந்தது. பணமனையைக் குறிக்கும் பேங்க், இத்தாலி நாட்டுக் காசுமாற்றுவோர் அமர்ந்த விசிப்பலகையின் பெயரிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்தது. பலகையும் மேடும் செர்மானிய மூலத்தில் ஒரு வேரின. கடனைத் தீர்க்க மாட்டாமல் நொடித்தவனைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லும் ‘முறிந்த பலகை’ என்னும் இத்தாலியச் சொற்றொடரின் திரிபே. ஆக, ஆங்கிலத்தானுக்கு இச்சொல் தன் வரலாற்றோடு வளர்ந்த சொல். அவன் கடலோடியதும், கடைவிரித்ததும், கடன் கொடுத்ததும் அதனுள் படிந்திருக்கின்றன. அவன் அதனை எத்தனை பொருளில் வழங்கினும் அஃது அவன் உரிமை. அதில் குறைகாண ஏதும் இல்லை.

கணிப்பொறிக்கு மொழி கற்பிக்கும் அறிவியலாரும், பல பொருள் ஒருசொல் விளைக்கும் சிக்கலை விளக்கப் பெரிதும் எடுத்துக்காட்டும் சொல் இதுவே. ‘பேங்க் இடிந்தது’ என்றால் இடிந்தது ஆற்றங்கரையா, பணமனையா? தொல்காப்பியர் மொழியில் சொன்னால், இஃது அவ்விடத்து வினை வேறுபடாப் பல பொருள் ஒருசொல். தமிழனுக்கோ இம்மயக்கம் எழ வழியே இல்லை. ‘கரை இடிந்தது’ என்றால் கரை. ‘வைப்பகம் இடிந்தது’ என்றால் வைப்பகம்.

*தமிழில் பிரிந்து நிற்கும் பொருள்கள்*

ஆற்றின் ஓரம் கரை. நீர் கொண்டுவந்து அடைத்த மணற்கரை அடைகரை. அலையும் காற்றும் குவித்த மணல் எக்கர். ஆற்றின் நடுவே எழுந்த மணல்நிலம் துருத்தி. நீர் சூழ உயர்ந்த மேடு திட்டு, திடர், திடல். நீரைத் தடுக்க எழுப்பியது அணை. தூத்துக்குடி, நெல்லை மாவட்டங்களில் காற்று அடித்துக் குவித்த செம்மணற் பரப்பு தேரி. குதிரைமொழித் தேரியைக் கண்டவர்க்கு அச்சொல்லின் பொருளை விளக்க வேண்டுவதில்லை. நில நூலார் இன்று உலகெங்கும் அச்செம்மணலைத் தேரி என்னும் தமிழ்ச்சொல்லாலேயே குறிக்கின்றனர். அணைக்கட்டும் கட்டுமரமும் அவ்வாறே ஆங்கில அகரமுதலிகளில் ஏறின.

முகிற்கூட்டத்தைத் திரள் என்கிறது தமிழ். துடுப்புகளின் வரிசையை நிரை என்கிறது. ஊர்தி சாய்வதை ஒருக்களித்தல் என்கிறது. சாம்பல் மூடிக் கனன்று கிடக்கும் தீயை நீறுபூத்த நெருப்பு என்கிறது. இத்தொடர் அடுப்படியில் பிறந்து அரசியல் மேடை வரை ஏறி நிற்கிறது.

தமிழிலும் பல பொருள் ஒருசொல் உண்டு. கரை என்னும் ஒரு சொல்லையே நோக்குக. ஆற்றோரமும் கரை; ஆடையின் ஓரமும் கரை; ஊர் நிலத்தில் ஒருவர்க்குரிய பங்கும் கரை. துன்பம் தீர்ந்தவன் கரையேறினான். பெரும்பரப்பு கரை காணாதது. வினையாயின், காக்கை கரையும், உப்பும் கரையும். இவற்றுள் ஓரம், எல்லை, பங்கு என்பன ஒன்றையொன்று தழுவி வளர்ந்தவை. நீருக்கு எல்லையான கரையே நிலத்தைப் பங்கிடும் எல்லையாகவும் ஆயிற்று என்று காண்பது கடினமன்று. தமிழ்ச்சொல் தமிழ் வாழ்க்கையிலிருந்து கிளைக்கிறது. அயற்சொல்லின் கிளைகளை ஒடித்து வந்து இங்கு நட்டால் வேர் பிடிப்பதில்லை.

*கடலடியில் பார்*

இனி, முத்துக்குளித்துறைக்கு வருவோம். மணப்பாட்டுக்குத் தெற்கே தாழம்புதரின் பெயர் தாங்கி நிற்கும் ஊர் பெரியதாழை. அதற்கும் அப்பால் நெல்லை மாவட்டத்துக் கரையில் கூடுதாழை, உவரி. வடக்கே திருச்செந்தூர், காயல், கொற்கை, தூத்துக்குடி. கிறித்து பிறப்பை அடுத்த முதல் நூற்றாண்டில் கிரேக்கக் கடலோடி ஒருவர் எழுதிய எரித்திரையக் கடற்பயண நூல், கொற்கையின் முத்துக்குளிப்பைக் குறிக்கிறது. அன்று முதல் முத்தின் பெயரால் உலகம் அறிந்த கரை இது.

இக்கரையார் முத்துச்சிப்பி விளையும் கடலடி நிலத்தைப் பார் என்கின்றனர். ஆங்கிலத்தார் அதனை முத்து பேங்க் என்றனர். இரு சொல்லையும் எதிரெதிரே வைத்து நோக்குக; எது அறிவுடைய சொல் என்பது விளங்கும்.

முத்துச்சிப்பியின் குஞ்சு பிறந்தவுடன் நீரில் மிதந்து திரியும். சில கிழமைகளில் அஃது அடியில் இறங்கி, தன் உடலிலிருந்து சுரக்கும் நூலிழையால் ஒரு பற்றுக்கோட்டைப் பிணித்துக்கொள்ள வேண்டும். இறங்கிய இடம் வெறுமணலாயின் பற்றுக்கோடு இல்லை. மணலில் புதைந்து மடியும். பாறையோ, பழம்பவளக் கல்லோ, கெட்டித்த அடிநிலமோ ஆயின் பற்றிக்கொண்டு வளரும். ஏறத்தாழ 12 முதல் 25 மீட்டர் ஆழத்தில், மணல் விரிந்த கடலடியில் ஆங்காங்கே தலைகாட்டும் இத்தகைய வன்னிலமே பார். பார் என்னும் சொல்லுக்கே வன்னிலம், பாறை என்பன பொருள். பாறை என்பது அதன் உறவுச்சொல் எனலாம். ஆக, சிப்பி எங்கே விளையும், எங்கே விளையாது என்னும் உயிர்நூல் உண்மை அவ்வோரசைச் சொல்லுக்குள்ளேயே அடங்கிக் கிடக்கிறது. பேங்க் என்பதோ மேட்டை மட்டும் குறிக்கும். மணல்மேடும் பேங்க்தான். ஆனால் அங்கே சிப்பி இல்லை.

நீரோட்டம் மணலைக் கொண்டுவந்து பாரை மூடினால் இளஞ்சிப்பி முழுதும் அழியும். திருக்கை முதலிய மீன்கள் மேய்ந்தாலும் அழியும். இக்கரணியங்களால் ஒரு பார் சில ஆண்டு விளைந்து பல ஆண்டு வெறிதே கிடக்கும். முத்துக்குளிப்பு ஆண்டுதோறும் நிகழாமல் இடைவிட்டு நிகழ்ந்தது இதனால்தான். எனவே, எந்தப் பார் இவ்வாண்டு விளைந்துள்ளது என்று தனித்தனியே அறிய வேண்டியிருந்தது. தனித்தனியே அறிய, தனித்தனியே பெயர் வேண்டியிருந்தது. பார் ஒவ்வொன்றும் பெயர் பெற்றது.

இங்கேதான் ஆங்கிலம் தமிழிடம் கைநீட்டிற்று. சென்னை அருங்காட்சியகத் தலைவராயிருந்த எட்கர் தர்சுட்டன் 1890-இல் மன்னார்க் குடாவின் முத்து, சங்கு குளிப்புகளைப் பற்றி எழுதிய நூலிலும், மீன்வளத் துறையின் சேம்சு ஆர்னெல் 1922-இல் வெளியிட்ட அறிக்கையிலும், பொதுப்பெயராகப் பேங்க் வருகிறது. ஒவ்வோரிடத்தையும் பெயர் சொல்லிச் சுட்டும்போது பார் என்றே வருகிறது. தூத்துக்குடிக் கடலின் பெயர்பெற்ற தொலையிரம் பார் அவர்கள் ஏடுகளில் அப்பெயராலேயே நிற்கிறது. தன் மொழியில் பேங்க் என்னும் சொல்லை வைத்திருந்த வெள்ளையனுக்கே அது போதவில்லை. கடலின் கணக்கை எழுதக் கடலோர் சொல்லை அவன் கடன் வாங்கினான். தன் மொழியில் பார் என்னும் சொல்லை வைத்திருக்கும் தமிழனோ பேங்க்கைத் தேடி ஓடுகிறான்!

தூத்துக்குடிக் கடலில் 1955 முதல் 1961 வரை தொடர்ந்து முத்துக்குளிப்பு நடந்தது; அதன்பின் நிகழவில்லை. 1973-இல் நடுவண் கடல்மீன் ஆராய்ச்சி நிறுவனத்தார் தூத்துக்குடியை அடுத்த வேப்பலோடையில் சிப்பி வளர்த்து முத்து விளைவித்துக் காட்டினர். குளிப்பு நின்றதனால் பார் என்னும் சொல்லும் நின்றுவிட்டதோ என ஐயுறுவார் உளர். இல்லை. பார் மீனுக்கும் இல்லம். கல்லும் பவளமும் உள்ள இடத்தில் இரை உண்டு. இரை உள்ள இடத்தில் மீன் உண்டு. வலை பாரில் சிக்கிக் கிழியும். தூண்டில் பார்மேல் விழுந்தால் பயன் தரும். ஆகவே பெரியதாழை முதலிய ஊர்களில் பார் இன்றும் உழைப்போர் நாவில் உயிரோடு உள்ளது. எத்தனை ஆழம் என்பதைப் பாகக் கணக்கில் அளந்து சொல்லும் நாவு அது.

*நிலத்தில் வைப்பகம்*

பணமனையைக் குறிக்கும் பேங்க்கைத் தமிழர் வங்கி ஆக்கினர். வங்கி என்பது மேற்கையில் மகளிர் அணியும் வளைந்த அணிகலனுக்குத் தமிழில் முன்னரே வழங்கிய பெயர். ஒலி ஒத்ததனால் அணியின் பெயர்மேல் பணமனை ஏறிக்கொண்டது.

பொருள் புதிது, ஆகவே சொல்லும் புதிதாகத்தான் வரும் என்பர் சிலர். பொருள் புதிதா? முதலாம் இராசராசன் (985–1014) எடுப்பித்த தஞ்சைப் பெருங்கோவிலின் கல்வெட்டுகளை நோக்குக. கோவிலுக்கு வந்த காசு ஊரவைகளிடம் வைக்கப்பட்டது. காசு ஒன்றுக்கு ஆண்டுக்கு அரைக்கால் காசு வட்டி வந்தது. நூற்றுக்குப் பன்னிரண்டரை! அவ்வட்டிக்குப் பொலிசை என்று பெயர். களத்து நெல்லைப் பொலி என்று வாழ்த்திய நாவு, பெருகும் காசைப் பொலிசை என்றது. பெருகாது நிற்கும் மூலப்பொருளை முதல் என்றது. முதலும் பொலிசையும் வைப்பும் கடனும் ஆயிரம் ஆண்டுகட்கு முன்னரே கல்லில் ஏறியிருக்க, பொருள் புதிதென்பது அறியாமை.

சொல்லும் உண்டு. திருக்குறளின் ஈகைப் பகுதியில் வைப்புழி என்னும் சொல் வருகிறது. பொருளைச் சேமித்து வைக்கும் இடம் என்பது அதன் பொருள். இல்லாதவன் பசியைத் தீர்ப்பதே செல்வன் தன் பொருளைச் சேர்த்து வைக்கும் இடம் என்பது வள்ளுவர் கருத்து. பணமனைக்குப் பெயர் தந்ததோடு, பணத்துக்கு அறமும் தந்த சொல் அது. தனித்தமிழன்பர் வழங்கும் வைப்பகம் அவ்வேரில் முளைத்ததே. விசிப்பலகையிலிருந்து வந்த பெயர் உயர்ந்தது, வைப்பிலிருந்து வந்த பெயர் தாழ்ந்தது என்று எவரேனும் சொல்வாரா?

முத்துக்குளித்துறையின் தலைநகரான தூத்துக்குடியில் 1921-இல் நாடார் வங்கி தோன்றிற்று. 1962-இல் அது தமிழ்நாடு மெர்க்கண்டைல் வங்கி என்னும் பெயர் பூண்டது. இன்றும் தலைமையகம் தூத்துக்குடியே. இந்நிலத்து வணிகர் தம் கைப்பொருளைக் கொண்டு தொடங்கிய பெருநிறுவனம் அது. தமிழர்க்குப் பெருமை தருவது. எனினும், ஊரின் ஒருபுறம் கடலில் முத்து பேங்க், மறுபுறம் தெருவில் பண பேங்க் என்று ஒருவன் எழுதினால், அவ்வூரின் ஈராயிரம் ஆண்டு வரலாறு ஒரு மயக்கச் சொல்லுக்குள் புதைந்து போகும். பார், வைப்பகம் என்று எழுதினால் இரண்டும் தத்தம் பெருமையோடு நிற்கும்.

*எங்கும் வங்கி, எதற்கும் வங்கி*

பணமனையோடு நின்றிருந்தாலும் பொறுக்கலாம். வங்கி என்னும் சொல் இன்று வரம்பின்றிப் பரவுகிறது. இரத்த வங்கி, கண் வங்கி, தாய்ப்பால் வங்கி, விதை வங்கி, தரவு வங்கி, சொல் வங்கி! ஆங்கிலத்தில் பேங்க் வந்த இடமெல்லாம் தமிழில் வங்கி என்று கண்ணை மூடிக்கொண்டு எழுதுகின்றனர்.

குருதியைக் கொடுப்பவன் வட்டி கருதிக் கொடுப்பதில்லை; திருப்பி எடுக்கவும் வருவதில்லை. அது கொடை. குருதிக் கொடையகம், கண்கொடையகம் என்னுங்கால் கொடுத்தவன் உள்ளம் சொல்லில் ஒளிர்கிறது. வங்கி என்னுங்கால் அது கணக்கேட்டில் ஒரு வரியாகச் சுருங்குகிறது. நெல்லைச் சீமை உழவர் வைக்கோற்புரி சுற்றி விதைநெல்லைக் காத்த கட்டுக்கு விதைக்கோட்டை என்று பெயர். காப்பு என்னும் பொருளும் அரண் என்னும் உருவமும் அச்சொல்லில் உண்டு. அதனை எறிந்துவிட்டு விதை வங்கி என்று பலகை எழுதித் தொங்கவிடுவது வேளாண்மைக்கு என்ன வளர்ச்சி? சொற்களஞ்சியம் என்று பள்ளிப் பிள்ளையும் அறிந்த சொல் இருக்கச் சொல் வங்கி எதற்கு?

இவற்றுள் மிகக் கொடியது வாக்கு வங்கி. மைசூர்ச் சிற்றூர் ஒன்றை ஆய்ந்த குமுகவியலார் எம்.என். சீனிவாசு 1955-இல் வெளியிட்ட கட்டுரையிலிருந்து இவ்வாங்கிலத் தொடர் பரவிற்று. ஊர்ப் பெரியவன் தன்னை அண்டியவர்களின் வாக்குகளைத் தன் கைப்பிடியில் வைத்திருந்த நிலையை அவர் அதனால் சுட்டினார். அஃது ஒரு நோயின் பெயர். தமிழ்நாட்டிலோ மேடையேறுவோர் அந்நோயின் பெயரை உரிமையின் பெயர்போல் வழங்குகின்றனர். ‘எங்கள் வாக்கு வங்கி’ என்று கரைவேட்டி கட்டியவர் மார்தட்டுகின்றார். மக்கள் ஒருவர் பெட்டியில் போட்டு வைத்த காசா, வேண்டும்போது எடுத்துச் செலவிட? வாக்கு ஒவ்வொரு மாந்தனும் தன் நெஞ்சறிய அளிப்பது. அதனை வங்கியில் இட்ட பொருளாகச் சொல்லச் சொல்ல, அளிப்போனும் அவ்வாறே எண்ணத் தொடங்குகிறான். விலையும் பேசத் தொடங்குகிறான். சொல் கெட்டால் எண்ணம் கெடும்; எண்ணம் கெட்டால் ஆட்சி கெடும். மொழித்தூய்மை வெறும் எழுத்துத் தூய்மை அன்று என்பதற்கு இதனினும் சான்று வேண்டா.

*பெயர் போனால்*

இனி, கடலுக்கே மீள்வோம். கன்னியாகுமரிக்குத் தெற்கே மீன்வளம் செறிந்த பரந்த கடற்பகுதி ஒன்று உளது. ஆங்கிலத்தார் அதற்கு இட்ட பெயர் வெட்சு பேங்க். 1976 மார்ச்சுத் திங்களில் இந்தியாவும் இலங்கையும் செய்துகொண்ட உடன்பாட்டில் இப்பகுதி இந்தியாவின் தனிப்பொருளாதாரப் பரப்பைச் சேர்ந்தது என்று முடிந்தது. அத்தாள்களில் எழுதப்பட்ட பெயரும் அவ்வாங்கிலப் பெயரே. இன்றும் தமிழ்த் தாளிகைகள் அதனை ஒலிபெயர்த்தே எழுதுகின்றன. 2024-இல் நடுவண் அரசு கன்னியாகுமரிக்குத் தெற்கே ஆழ்கடலில் எண்ணெயும் எரிவளியும் தேடக் கட்டங்களை ஏலத்துக்கு அறிவித்தபோது, கடற்கரை மக்கள் கொதித்து எழுந்தனர். அவர்கள் வாழ்வைப் பற்றிய அச்செய்தியைப் படிக்கும் உள்நாட்டுத் தமிழனோ, வெட்சு பேங்க் என்னும் பெயரைக் கண்டு அஃது எந்த ஊர்ப் பணமனை என்று மயங்குவான். தமிழ்ப்பெயர் இல்லாத கடலுக்காகத் தமிழன் நெஞ்சு எங்ஙனம் துடிக்கும்? வரைபடத்தில் பெயர் எழுதியவன் உரிமை எழுதியவன் ஆகிறான். பெயரை இழந்தவன் வழக்கை இழக்கிறான்.

கடலோரத்தில் நிகழும் மற்றோர் இழப்பு ஒலியின்றி நிகழ்கிறது. முந்தைய தலைமுறையினர் பாரை எவ்வாறு கண்டறிந்தனர்? கரையிலுள்ள கோபுரமும், பனங்கூட்டமும், தேரிமேடும், மேற்கே தொலைவில் தெரியும் மலைமுடியும் ஒன்றோடொன்று எவ்வாறு ஒத்து நிற்கின்றன என்று கண்ணால் அளந்து, இன்ன பாரின்மேல் நிற்கிறோம் என்று துணிந்தனர். பெயரும் குறியும் தந்தை வாயிலிருந்து மகன் செவிக்கு இறங்கின. இன்று செயற்கைக்கோள் வழிகாட்டிக் கருவி வந்துவிட்டது. நல்லதே, வழிதப்பாமல் கரை சேர்க்கும் கருவியைப் பழிப்பார் எவரும் இலர். ஆனால், கருவியில் பதிவது எண். எண் இருந்தால் இடம் கிடைக்கும், பெயர் வேண்டியதில்லை. பெயர் வேண்டாதபோது அதனோடு வந்த கதையும், மீனறிவும், நீரோட்ட அறிவும் வேண்டாதனவாகின்றன.

மன்னார்க் குடாவில் 21 தீவுகள் உள்ளன என்று பாடநூல் எழுதும். அவற்றுள் தூத்துக்குடிக் கூட்டத்தைச் சேர்ந்த விலாங்குச்சல்லி நீருக்குள் மூழ்கிவிட்டது. தீவு மூழ்கினும் பெயர் மேலே நிற்கிறது. சல்லி என்னும் அச்சொல் அங்கே கிடந்த உடைகல்லை இன்றும் காட்டிக்கொண்டிருக்கிறது. கடலடியில் உள்ள பார்களின் நிலை இதற்கு மாறானது. பார் அங்கேயே கிடக்கும். மூழ்கிக்கொண்டிருப்பது அதன் பெயர்.

கணிப்பொறி இன்று மொழிபெயர்க்கிறது. வினாவுக்கு விடையும் எழுதுகிறது. அது தமிழைக் கற்பது தமிழர் எழுதி வைத்த எழுத்திலிருந்தே. தமிழர் வங்கி, வங்கி என்றே எழுதிக் குவித்தால் அதுவும் வங்கியையே கற்கும். பாரை எவரும் எழுதாவிடின் பார் என்னும் சொல்லுக்குப் பார்த்தல் ஒன்றே பொருள் என்று அது நாளைய தமிழ்ப்பிள்ளைக்குச் சொல்லும். பெரியதாழைப் பாட்டன் அறிந்ததை அவன் பேரனுக்கு அது மறைத்துவிடும். எழுதாத சொல்லுக்கு இனி இருமுறை சாவு.

*செய்யத்தக்கது*

பொதுமக்கள் நாவைக் கட்டின்றி விட்டால் அது நல்ல தமிழையே பெறும் என்பதற்குத் தென்கடற்கரையே சான்று. கடலரிப்பைத் தடுக்கக் கரையிலிருந்து கடலுக்குள் கல் அடுக்கி வளைத்துக் கட்டும் அணைக்கு அக்கரையில் வழங்கும் பெயர் தூண்டில் வளைவு. பெரியதாழையிலும் அது நிற்கிறது. எந்தச் சொல்லாக்கக் குழு உட்கார்ந்தாலும் இதனினும் அழகிய சொல்லைப் படைத்திருக்க இயலுமா? தூண்டிலைக் கையாண்டவன் கண்ணுக்கு அணையின் வளைவு தூண்டிலாகத் தெரிந்தது, சொல் பிறந்தது. அரசு ஆவணமும் அச்சொல்லையே ஏற்றது. மக்கள் சொல் அலுவலகம் ஏறிய இவ்வழியே எல்லாத் துறைக்கும் வழியாதல் வேண்டும்.

ஆகவே, தனித்தமிழன்பர்க்குக் கடமை மூன்று. ஒன்று: பேங்க் வரும் இடமெல்லாம் வங்கி எழுதும் சோம்பலை ஒழித்தல். கரையைக் கரை என்றும், திட்டைத் திட்டு என்றும், பாரைப் பார் என்றும், பணமனையை வைப்பகம் என்றும், கொடையைக் கொடை என்றும் எழுதுக; வாக்கை வாக்கு என்றே எழுதி, வங்கியை அதனோடு ஒட்டாது விடுக. இரண்டு: தாளிகைக்கும், பாடநூற் குழுவுக்கும், மீன்வளத் துறைக்கும் இவ்வேறுபாட்டை எடுத்துக்காட்டி எழுதுதல், ஒருமுறை எழுதி ஓயாமல், திருத்தும்வரை எழுதுதல்.

மூன்றாவதே தலையாயது. கடலூர்ப் பள்ளி ஒவ்வொன்றிலும் தமிழாசிரியர், மாணவரைத் தம் பாட்டன்மாரிடம் அனுப்பிப் பார்ப் பெயர்களைக் கேட்டு எழுதச் செய்தல் வேண்டும். பெயர், பெயர் வந்த கரணியம், பாகக் கணக்கில் ஆழம், அங்கு படும் மீன் ஆகியன ஓர் ஏட்டில் ஏறட்டும். பாரின் இடக்குறி மட்டும் ஏற வேண்டா. அது பல குடும்பங்களின் பிழைப்பு. தலைமுறை தலைமுறையாகக் காத்த மறைபொருள். பெருவிசைப்படகுக்காரன் அதனைப் படித்து வந்து பாரை வழித்தெடுத்துச் செல்ல இவ்வேடு கருவியாகிவிடக் கூடாது. பெயர் மொழிக்கு உரியது. இடம் உழைப்போனுக்கு உரியது. இவ்விரண்டு உரிமையையும் ஒருங்கே காப்பதே தமிழ்ப்பணி.

சொல் காக்கும் வேலை புலவர் அறையில் மட்டும் நடப்பதன்று. விடியுமுன் கடலிறங்கும் உழைப்பாளன் நாவில் பார் என்னும் சொல் வாழும்வரை, அதனைக் கடன்கொடுத்த பெருமையும் தமிழுக்கு உண்டு. மீட்டுக்கொள்ளும் உரிமையும் தமிழனுக்கு உண்டு. வெள்ளையன் தன் அறிக்கையில் மதித்து எழுதிய சொல்லைத் தமிழன் தன் ஏட்டில் எழுத மறுப்பானாயின், அவ்விழிவுக்குப் பெயரிட எந்த மொழியிலும் சொல் இராது.